பனியில் தெரியவில்லை என்றேன்

நான் பொய் சொன்னேன். சகுந்தலா டீச்சரின் சைக்கிளை என் ஸ்கூட்டரால் இடித்துத் தள்ளிவிட்டு, "பனியில் தெரியவில்லை" என்றேன். தெரிந்தது! வெகு தொலைவிலிருந்தே தெரிந்தது. இதை எவரிடமும் நான் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் இறுதி. ஐயம்பேட்டைப் பள்ளியில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். காஞ்சிபுரத்திலிருந்து நான் ஸ்கூட்டரில் போவேன், அவர் சைக்கிளில். மணல் லாரிகள் பறக்கும் சாலை அது.

"லாரிக்காரன் கண்ணுல மொதல்ல படணும் சார்" என்பார். அதற்காகவே செந்தூர நிறத்தில் கையில்லாத சட்டை ஒன்றைத் தாமே தைத்து, புடவைக்கு மேல் போட்டுக்கொண்டார். முதுகில் வெள்ளியாய் மின்னும் பட்டை. நெசவாளரான தம் கணவரைத் தெருக்கோடியில் நிறுத்தி, பல நிறத் துணிகளை ஒவ்வொன்றாகப் பிடிக்கச் சொல்லி, எது எடுப்பாகத் தெரிகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறமாம்!

தெருவே சிரித்தது. ஆசிரியர் அறையில் நாங்களும் சிரித்தோம்.

"சிரிக்கிறாங்கன்னா, பாத்துட்டாங்கன்னுதானே சார் அர்த்தம்?"

என்ன பெண்மணி! மெல்ல மெல்லச் சிரிப்பு அடங்கியது. சத்துணவு சமைக்கும் அம்மாவும், அங்கன்வாடிப் பெண்ணும் தங்களுக்கும் ஒன்று தைத்துத் தரும்படி கேட்டார்கள்.

அந்த மார்கழிக் காலையில் பனி இருந்தது, உண்மை. ஆனால் அந்தப் பனியையும் துளைத்துக்கொண்டு அந்தச் செந்தூரம்... எத்தனை தெளிவாக! எதிரே பேருந்து வந்துகொண்டிருந்தது. அது நெருங்குவதற்குள் டீச்சரைத் தாண்டிவிடலாமென்று முறுக்கினேன். முடியவில்லை. பயந்துபோய் இடப்பக்கம் ஒடித்தேன். என் கைப்பிடி அவர் கைப்பிடியில் மாட்டியது.

சாலையோரம் விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது.

பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்தவர்கள் எங்களைச் சூழ்ந்தபோதுதான் அந்தப் பொய் என் வாயிலிருந்து தானாக வந்தது. தானாகவா? இல்லை... யோசித்துத்தான் சொன்னேன்.

"இவ்ளோ பளபளன்னு போட்டுக்கினு போயும் தெரியலன்னா, எதுக்குப்பா இந்த வேஷம்?" என்றார் ஒருவர்.

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த டீச்சர் அதைக் கேட்டார். நானும் கேட்டேன்.

அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. சமையல் அம்மா தைக்கக் கொடுத்திருந்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அதப் போட்டவங்களுக்குத்தான் அடி பட்டுது" என்று அங்கன்வாடிப் பெண்ணை அவள் மாமியார் தடுத்துவிட்டாளாம். ஏளனத்தையெல்லாம் தாங்கி ஒருத்தி ஈட்டிய நம்பிக்கை... என் ஒரு சொல்லில் போயிற்று.

ஆனால் அவர்? என்மீது ஒரு சுடுசொல் இல்லை. என்னை நம்பினார்! கட்டுப் பிரித்த இரண்டாம் வாரமே பள்ளி வாசலில் சைக்கிளோடு நின்றார். சட்டையின் பட்டை இரு மடங்கு அகலமாகியிருந்தது. தோள்களிலும் பட்டை. பின் மட்கார்டில் சிவப்பு வில்லை.

"உங்க மேல தப்பில்ல சார். பனிக்கு அது பத்தல, நான்தான் சரியா யோசிக்கல. இப்பப் போறேன்... எதுவரைக்கும் தெரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

ஏறி மிதித்தார். தாம் விழுந்த அதே சாலையில், சிறிதும் அஞ்சாமல்! தொலைவில் நின்று, "தெரியுதா சார்?" என்று கூவினார்.

"தெரியுது டீச்சர்!"

அன்றைக்கும் தெரிந்தது என்று அந்தக் கணமே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? வேலைக்கு ஆபத்தா? வழக்கு வருமென்ற பயமா? எதுவுமில்லை. அவர் முகத்தில் என்மீதிருந்த மரியாதை அழிவதைக் காண எனக்குத் துணிவில்லை.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தவர் சிரித்தார்.

"பனி நாள்லயும் ஒருதரம் பாக்கணும் சார். நீங்கதான் வரணும். உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிட்டா எல்லார் கண்ணுக்கும் தெரியும்."

பிறகு பத்தாண்டுகள் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். ஒவ்வொரு மார்கழியிலும் என்னை அழைத்துச் சாலையோரம் நிற்கவைப்பார். ஒவ்வொரு முறையும்... போய் நின்றேன்.