ஜெகதாம்பாளின் ஒன்பதாவது தட்டு

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாவு மில் வைத்திருக்கிற ஜெகதாம்பாள் எந்தப் பாட்டு வாத்தியாரிடமும் போனதில்லை. அரைக்கிற மிஷினின் பெல்ட்டில் ஒரு ஒட்டு உண்டு. சக்கரத்தில் அது ஏறும்போதெல்லாம் 'டப்' என்று சத்தம் வரும். முப்பது வருஷம் அந்த டப்புக்குப் பக்கத்தில் நின்றவளுக்குத் தாளம் உடம்பில் ஏறிவிட்டது. தொடையில் அவள் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் மண்டபத்துச் சுவரில் இருக்கிற பல்லி இடம் மாறி உட்காரும். ஒரு பல்லி என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இரண்டு பல்லி, என் கண்ணால் பார்த்தேன்.

பொங்கல் கழிந்ததும் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பத்து நாள் கச்சேரி. வித்வான்கள் சென்னையிலிருந்து ரயிலில் வந்து அரியலூரில் இறங்கி, அங்கிருந்து காரில் வருவார்கள். ஆறு மணிக் கச்சேரிக்கு நாலு மணிக்கே மில்லைப் பூட்டிவிட்டு, முழங்கை மாவைக் கழுவியும் கழுவாமலும் வந்து முன் வரிசை நடு நாற்காலியைப் பிடித்துவிடுவாள் ஜெகதாம்பாள்.

போன வருஷம் எட்டாம் நாள் பாட வந்தவர் குருமூர்த்தி. பட்டு ஜிப்பா, ஐந்து விரலில் மூன்று மோதிரம். பாட்டு நடுவில் சட்டென்று நிறுத்தினார்.

"முன் வரிசையில யாரோ துணி துவைக்கிறாங்க. துவைச்சு முடிக்கட்டும், அப்புறம் பாடறேன்" என்றார் மைக்கில்.

முந்நூறு பேர் சிரித்தார்கள். அன்றைக்கு ஜெகதாம்பாள் போட்ட தாளத்தில் இம்மியளவு பிசகில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. தப்பாகத் தட்டியிருந்தால் பொறுத்துப் போயிருப்பாள்.

ஊர் சும்மா விட்டதா? டீக்கடை நல்லுசாமி தினமும் காலையில், "என்னக்கா, துவைச்சுக் காயப்போட்டாச்சா?" என்பான். மிளகாய் அரைக்க வந்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வருஷம் முழுக்கக் கேட்டாள்.

இந்த வருஷத்து நோட்டீஸ் வந்தது. மில்லில் சலித்துக் கொடுக்கிற மலர்கொடி அதைப் படித்துவிட்டு, "அக்கா, எட்டாம் நாளு மறுபடி அந்த ஆளுதான்" என்றாள்.

"வரட்டும்டி. அதே முந்நூறு பேரு முன்னால அந்த மனுஷன் தாளம் தப்பணும். தப்பிட்டேன்னு அவரு வாயாலயே சொல்லணும். அப்பதான் எனக்குச் சோறு எறங்கும்."

மறுநாளிலிருந்து மில்லில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. டப்பாவை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிற பெண்களுக்கெல்லாம் ஜெகதாம்பாள் தாளம் சொல்லிக் கொடுத்தாள். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. ஆக எட்டு. அது ஊர் உலகத்துக்குத் தெரிந்த ஆதி தாளம். அது படிந்ததும், கடைசியில் இன்னொரு தட்டைச் சேர்த்து ஒன்பதாக்கினாள்.

"எட்டுதானேக்கா?" என்றாள் மலர்கொடி.

"அந்த ஆளுக்கு எட்டு. நமக்கு ஒம்போது. சத்தம் வரக் கூடாது, கை மட்டும் நல்லா ஒசரணும்."

எட்டாம் நாள் முன் வரிசையில் பத்துப் பெண்கள். நானும் ஒருத்தி. இந்த வயதில் இதைவிட நல்ல காரியம் எனக்குக் கிடைக்கவில்லை.

குருமூர்த்தி ஜெகதாம்பாளை அடையாளம் கண்டுகொண்டு லேசாகச் சிரித்தார். முதல் இரண்டு பாட்டுக்கு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெரிய பாட்டை எடுத்து அவர் ஸ்வரம் பாட ஆரம்பித்ததும் ஜெகதாம்பாள் தொண்டையைக் கனைத்தாள். பத்துக் கைகள் ஒன்றாக உயர்ந்தன. அவருடைய எட்டு முடிகிற இடத்தில் எங்களுடையது முடியவில்லை. அவர் அடுத்த சுற்றில் இரண்டில் இருந்தபோது நாங்கள் ஒன்றில் இருந்தோம். கண்ணை மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார். திறந்தால் எதிரே பத்துக் கை. ஐந்தாவது சுற்றில் அவருடைய கையே அவர் தொடையில் ஒன்பதாவதாக ஒரு தட்டுத் தட்டிவிட்டது.

பாட்டு வந்து சேர வேண்டிய இடம் தவறிப்போனது. அவர் சட்டென்று மிருதங்கத்தின் பக்கம் திரும்பினார். வாசித்தவள் ஜெயசுதா, கும்பகோணத்துப் பெண். அதுவரை எட்டிலிருந்து ஒரு மயிரிழை அசையாமல் வாசித்துக்கொண்டிருந்தவள்.

"தாளத்தைப் பார்த்து வாசிம்மா. யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்றார் மைக்கில்.

முந்நூறு பேரும் சிரித்தார்கள். அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. ஜெகதாம்பாளின் முகம் மிளகாய் அரைத்த கல்லைப் போலச் சிவந்தது. வருஷம் பூராவும் பார்த்துப் பார்த்துக் கட்டிய பழி, அவர் தலையில் இறங்காமல் இன்னொருத்தி தலையில் இறங்குவதா?

"ஒம்போத விடுங்கடி. எட்டு. சத்தமா!" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

பத்துத் தொடையில் பத்துக் கை விழுந்தது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து துறையூர் ரோடு வரைக்கும் ஓடியதாகச் சொன்னார்கள். ஜெயசுதா நிமிர்ந்து பார்த்தாள். பிடித்துக்கொண்டாள். வயலின்காரரும் சேர்ந்துகொண்டார். குருமூர்த்தி ஒருவர்தான் வெளியே நின்றார். முதல் தடவை ஒரு எண்ணிக்கை முன்னாடி நுழைந்தார். இரண்டாம் தடவை பிந்தி நுழைந்தார். மூன்றாம் தடவை நுழையவே இல்லை. எங்கள் கை நிற்கவில்லை, மிருதங்கமும் நிற்கவில்லை. யார் தவறினார் என்பது கடைசி வரிசைக் கைக்குழந்தைக்கும் தெரிந்துபோயிற்று.

கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பு என்னோடதுதான். அம்மா மன்னிக்கணும்."

ஜெகதாம்பாள் எழுந்திருக்கவில்லை. "எங்கிட்ட எதுக்குங்க? அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க."

அவர் ஜெயசுதாவின் பக்கம் திரும்பிச் சொன்னார். மைக் வாயருகில்தான் இருந்தது.

"என்கிட்டச் சொல்ல ஒரு வருஷம் லேட்டு. இருந்தாலும் மன்னிச்சுட்டேன், பாடுங்க" என்றாள் ஜெகதாம்பாள்.

மலர்கொடி அவள் காதருகே குனிந்தாள். "அக்கா, அவரைத் தப்ப வெச்சதே நாமதானே?"

"வாயை மூடிக்கிட்டுத் தட்டுடி" என்றாள் ஜெகதாம்பாள்.