மானிட்டருக்கு வைத்த பொட்டு

இன்று காலை மடிக்கணினியைத் திறந்தால், என்னை யாரென்றே தெரியாதது போல் விழித்தது. பின்னணிப் படம் இல்லை, கோப்புகள் இல்லை, வெறும் நீலம். அந்தப் பதற்றத்திலும் என் கண் திரையில் எதைத் தேடியது தெரியுமா? ஸ்டிக்கர் பொட்டை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

நாங்கள் மராட்டிய ஊரான நிக்டியில் இருந்தபோது, அமெரிக்காவிலிருந்த அண்ணனோடு பேசுவதற்காகவே கம்ப்யூட்டர் வாங்கினோம். முதுகு பெருத்த மானிட்டர். அம்மா காய்கறி விற்கும் பாஜிவாலாவிடம் மராட்டியிலேயே பேரம் பேசி ஜெயித்துவிடுவாள். ஐகான்களின் ஆங்கிலப் பெயர்கள் மட்டும் தலையில் ஏறாது. அதனால் ஒவ்வொரு ஐகானுக்கும் பக்கத்தில் மானிட்டர் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். சிவப்பு என்றால் அண்ணன். பச்சை என்றால் பக்திப் பாட்டு. கீழ் மூலையில் கறுப்பு, அது குப்பைத்தொட்டி, தொடவே கூடாது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரையும் வைத்தோம். அப்பா தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ்காரர். நல்ல நேரம் முடியப் போகிறது, கம்ப்யூட்டரோ பாடிக்கொண்டிருக்கிறது. பூஜையில் வைத்த ஆயுதம் ஓடலாமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூடு ஆறும் முன்பே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. பிறந்து சில நாளே ஆன பேத்தியை அண்ணன் கேமராவில் முதன்முதலாகக் காட்டுவதாக ஏற்பாடு. அம்மா பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டோம். நீலம். ஐகான்களைக் காணவில்லை. பொட்டுகள் மட்டும் அந்தரத்தில் நின்றன.

அம்மா சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் அமுக்கு அமுக்கு என்று அமுக்கினாள். "ஏட்டி, இங்கனதானே இருந்தான்! எங்க போயிட்டான்?"

நான் அப்போது கேம்ப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அதனால் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று வீட்டில் ஒரு மூடநம்பிக்கை இருந்தது. நான் மவுஸைத் தட்டிப் பார்த்தேன். அப்பா, "லூஸ் கனெக்‌ஷன்தான்" என்று எல்லா ஒயரையும் பிடுங்கிச் சொருகினார். பக்கத்து வீட்டு பாட்டீல் காகா ஸ்க்ரூடிரைவரோடு வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே குங்குமம். ஊதினார். அத்தனையும் அம்மாவின் பட்டில்.

"மஷீன் ருஸ்லீ ஆஹே," என்றார் காகா. மெஷின் கோபித்துக்கொண்டிருக்கிறதாம்.

"கோவம் வராம? பாட்டு முடியுமுன்ன கழுத்தத் திருகுனா!" என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "புள்ள அங்க காத்துக்கிட்டு இருப்பாம்லா..."

அப்பா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். இம்முறை முறைப்படி அணைத்தார். புனர்பூஜைக்கு வைத்திருந்த சூடத்தை ஏற்றிக் காட்டினார். மறுபடி போட்டார். எல்லா ஐகானும் வந்துவிட்டன! ஆனால் இடம் மாறி, ரேஷன் கடை வரிசை போல் ஓரமாக நின்றன.

"பொட்ட எடுத்து மாத்தி ஒட்டிருவோம்," என்றார் அப்பா.

"நல்ல நாளும் அதுவுமா பொட்ட அழிக்கச் சொல்லுதிய? நான் மாட்டேன்."

ஆகவே நான்தான் ஒவ்வொரு ஐகானாக இழுத்துப் பொட்டுகளின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டேன். அம்மா சிவப்பை அமுக்கினாள். கீழ் மூலையில் ஒரு ஜன்னல் விரிந்து, துணிக்குள்ளிருந்து சுருங்கிய முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. குப்பைத்தொட்டிக்கு ஒட்டிய கறுப்புப் பொட்டு சரியாக அதன் கன்னத்தில்.

"திருஷ்டிப் பொட்டு தானா அமைஞ்சிட்டு பாத்தியளா!" என்று அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

கோபம் தீர்த்தது தன் சூடம்தான் என்று அப்பாவும், தன் ஊதல்தான் என்று காகாவும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மானிட்டர் பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவின் வண்டியில் ஏறியபோதும் பொட்டுகளை எடுக்க அம்மா விடவில்லை.

இன்று என் பதற்றத்தைக் கேட்டு வீடியோவில் வந்தவள் அதே பேத்திதான். அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கிறாள்.

"அத்தை, சைன் அவுட் பண்ணி, திரும்ப உள்ள வாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். எல்லாம் வந்துவிட்டது. சூடத்துக்கும் காகாவுக்கும் வேலையே இல்லை. இதைச் சொல்லி வம்பிழுக்க அப்பாவும் இல்லை. கைப்பேசித் திரையில் அவள் கன்னம் வெறுமையாக இருந்தது. எழுந்து போய் அலமாரியைத் துழாவினேன். அம்மா போன பிறகு இந்த வீட்டில் பொட்டு அட்டையே இல்லை.