ராத்திரி இரண்டு மணிக்கு வைத்த வேலைகள்

ராத்திரி இஷா தொழுகைக்குக் கிளம்பும்போது கணினியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, வயரைச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் அத்தா செருப்பை மாட்டுவார். ஐப்பசி இடியில் ஒருமுறை எங்கள் டிவி கருகிப்போனது. அதன்பிறகு மின்சாரத்தை அவர் நம்பியதே இல்லை. கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். எதையும் பூட்டாமல் விட்டுப் போகமாட்டார்.

அந்தக் கணினியை வாங்கி வைத்தவன் துபாயில் வேலை பார்த்த என் அண்ணன். எல்லார் கையிலும் வீடியோ போன் வராத காலம். அவன் முகத்தை அதில்தான் பார்ப்போம். விடுப்பில் வந்தபோது வைரஸ் தேடுவது, குப்பையை அழிப்பது, அப்டேட் போடுவது எல்லாம் ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக நடக்கும்படி வைத்தான்.

"பிளக்கைப் பிடுங்காதீங்கத்தா. நீங்க தூங்குறப்ப அதுவே கூட்டிப் பெருக்கி வச்சுக்கும்."

"கூட்டிப் பெருக்குமா? அப்ப அதை அடுப்படிக்கு அனுப்பு, உங்கம்மா கொஞ்சம் படுக்கட்டும்."

அவன் விமானம் ஏறிய அன்றே வயர் மேசைக்கு வந்துவிட்டது. பகலில் அது அப்டேட் கேட்டால் நான் 'பிறகு' என்பதை அழுத்திவிடுவேன். அந்த வேலைகள் ஒருநாள்கூட நடக்கவில்லை.

அத்தா மாரடைப்பில் இறந்தது ஒரு சாயங்காலம். அண்ணனின் பாஸ்போர்ட்டை முதலாளி கொடுக்கவில்லை. நாசமாய்ப் போகிறவன். "முகத்தையாவது காட்டும்மா" என்று அண்ணன் போனில் அழுதான். காலையில் அத்தாவைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். நான் கணினியைப் போட்டேன். விட்டுப்போன வேலைகள் அத்தனையையும் அது அப்போதுதான் ஆரம்பித்தது. என்னைக் கேட்காமலே அணைந்து எழுந்து, 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று நின்றது. திட்டினேன். மேசையில் அடித்தேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"வந்துருச்சா?" என்றான் அண்ணன் போனில்.

"இருண்ணே, இருண்ணே."

வாசலில் ஜமாஅத்தார் நின்றார்கள். அத்தாவின் தம்பி, எங்கள் சின்னத்தா, உள்ளே வந்தார். "ராத்திரி முழுக்க வச்சாச்சும்மா. இனி தாமதிக்கக் கூடாது." அவர் சொன்னதில் தப்பில்லை. இன்னும் கொஞ்சம் என்றேன். பொறுத்தார். மறுபடி வந்தபோது துணியை இழுத்து முகத்தை மூடினார். சந்தூக் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது எங்கள் ஊரில் ஒரு மௌத், ஒரு சாவு என்றால் நாலு பேர் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று திரை ஒருவழியாகத் திறந்தபோது அண்ணன் குளித்து, தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தான். எனக்குப் பின்னால் பெண்கள் ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் நகரும்மா" என்றான்.

நகர்ந்தேன். அத்தா கிடந்த இடத்தை அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.