இரண்டாம் சனிக்கிழமை ஓய்வு

கிணற்றடியில் என் ஆறு வயது மகளின் தலையில் அவள் அப்பா வாளித் தண்ணீரைக் கவிழ்த்தபோது, இரண்டு கஜம் தள்ளி நின்ற நான் ஏன் உண்மையைச் சொல்லவில்லை? ஐந்து வருஷமாக யோசிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வாளி நின்றிருக்கும்.

அது இரண்டாம் சனிக்கிழமை. அரசாங்க அலுவலகங்களுக்கு விடுமுறை. முந்தின நாள் சாயங்காலமே என் கணவர் பழவங்காடிக் கடைத்தெருவிலிருந்து நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு வந்து அறிவித்துவிட்டார்.

"ரெண்டு நாளைக்கு எங்கேயும் போகலை, கேட்டியா. ஆத்திலேயே கொழந்தைகளோட வெறுதே இருக்கப் போறோம்."

அவர் 'வெறுதே' சும்மா இருப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாலு வேளை காபி. சனிக்கிழமை எண்ணெய்க் குளி, அதற்கு வெந்நீர், சீயக்காய். காலையில் அடை, மத்தியானம் அவியல், சாயங்காலம் ஏதாவது "சின்னதா" ஒரு பலகாரம். குழந்தைகள் அவர் தூக்கத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். அந்த மனிதர் ஓய்வெடுத்தால் நான் திங்கட்கிழமைக்காக ஏங்க ஆரம்பித்துவிடுவேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கொல்லைப்புற அறை வாசலில் போய் நின்றுகொண்டு, "நான் தூரம்" என்றேன்.

பொய். இன்னும் பத்து நாள் இருந்தது.

எங்கள் தெருவில் மாதாமாதம் மூன்று நாள் பெண்கள் பின்னறையில் ஒதுங்கி இருக்க வேண்டும். அடுக்களைக்குள் போகக் கூடாது, எதையும் யாரையும் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் தொடப்பட்டவர் குளிக்க வேண்டும். என் பி.ஏ. பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் முன்கூடத்தில் தொங்குகிறது. மாதம் மூன்று நாள் அதன் பக்கம்கூட நான் போக முடியாது. இது எவ்வளவு பெரிய அவமானம் என்று கல்லூரியில் கட்டுரை எழுதிக் கைதட்டல் வாங்கியவள் நான். அந்த அவமானத்தையே இரண்டு நாள் தூக்கத்துக்காக இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அவர் சந்தேகப்படவில்லை. அலுவலகத்தில் யாருக்கு எப்போது பிரமோஷன் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வீட்டில் இருக்கிறவளின் நாட்கள் தெரியாது.

"இன்னிக்கா? என் ரெண்டாம் சனியாப் பாத்தா வரணும்?" என்றார், ஏதோ நான் அவருடைய லீவு விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டதுபோல.

எதிர்வீட்டு மாமிக்குத்தான் கணக்கு தெரியும். குழம்புப் பாத்திரத்தோடு கொல்லைப்பக்கம் வந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி, இந்த மாசம் ஓடி வந்துடுத்து?"

"உடம்பு சூடு, மாமி."

"சூடுதான், சூடுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த இரண்டாவது "சூடுதான்" காதில் விழுந்ததும் சட்டென்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆனாலும் சுகமாகத்தான் இருந்தது. பாயில் படுத்துப் பத்திரிகை படித்தேன். பதினோரு மணி வரை தூங்கினேன். வயிற்றுவலி இல்லாமல் இப்படிப் படுத்தது கல்யாணமாகி எட்டு வருஷத்தில் முதல்முறை. அந்தச் சுகத்தை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் அருவருப்பு வருகிறது.

இரண்டு வயது மகன் மட்டும் சட்டதிட்டங்களைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டான். உடம்பில் துணி இல்லாத கைக்குழந்தை தொட்டால் தீட்டில்லை என்று ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருமுறை டிராயரைக் கழற்றி என்னிடம் விட்டார்கள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவனே உருவி எறிந்துவிட்டு ஓடி வந்தான். டிராயரும் கையுமாக அவன் பின்னால் கூடத்துக்கும் கொல்லைக்கும் ஓடிய அப்பாவைப் பார்த்து நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மகளுக்கு அந்தச் சலுகை இல்லை. பெரிய பெண், பள்ளிக்கூடம் போகிறவள். வாசற்படியில் உட்கார்ந்து, "நான் இவிடே இருந்தாப் போருமா? இன்னும் தள்ளணுமா?" என்று இரண்டு நாளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இன்னும் கொஞ்சம் தள்ளு" என்று நான் சொன்னேன். பொய்க்கு அவ்வளவு ஆசாரம் பார்த்தேன்.

ஞாயிறு மத்தியானம் அவர் ஸ்டவ்வில் பாலை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தவர் தூங்கிப்போனார். பால் பொங்குவதைப் பார்த்த மகள், அப்பாவை எழுப்பினால் கோபிப்பார் என்று தானே துணியைப் பிடித்துப் பாத்திரத்தை இறக்கப் பார்த்திருக்கிறாள். அலறல் கேட்டு நான் எப்படி அடுக்களைக்குள் போனேன் என்று தெரியாது. பால் கொட்டிய அவள் கையைப் பிடித்துக் குடிதண்ணீர்க் குடத்துக்குள் அமுக்கினேன்.

அவர் வந்தார். முதலில் என் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

"உள்ளே வந்துட்டியா? குடத்தையும் தொட்டாச்சா?"

அப்புறம்தான் குழந்தையின் கையைப் பார்த்தார்.

எதிர்வீட்டிலிருந்து, "என்னடி சத்தம்? கொழந்தைக்கு என்ன?" என்று மாமியின் குரல் நெருங்கி வந்தது. என் கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு இதிலெல்லாம் விசுவாசம் கிடையாது, உனக்கே தெரியும். ஆனா மாமி பாத்தா தெரு முழுக்கப் பறைவா. டாக்டர்ட்ட போறதுக்கு முன்னாடி ரெண்டு வாளி விட்டுடலாம். ஒரு நிமிஷம்."

வாசகசாலைக் கூட்டங்களில் பெண் விடுதலை பேசுகிறவர் இவர். ஒரு மாமிக்குப் பயந்து, கை வெந்த குழந்தையைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார். அவள் அந்தக் கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, எரியறது" என்று என்னைப் பார்த்தாள். "நான் தூரமில்லை" என்பதுதான் நான் சொல்ல வேண்டியது. மாமி வேலியருகில் வந்து நின்றிருந்தாள்.

"சீக்கிரம் விடுங்கோ" என்றேன்.

தண்ணீர் பட்டது நல்லதுதான் என்று டாக்டர் சொன்னாராம். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் முகத்தில் ஒரு வெற்றி. "பாத்தியா? குளிச்சதும் நல்லதுக்காச்சு." அந்த வாக்கியத்துக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தவரை நான் நிஜமாகவே தூரம். தெரிந்துகொண்டே நின்றவள் நான் ஒருத்திதான். அவரைக் கோழை என்று நினைக்கும்போதெல்லாம் அந்தச் சொல் அவரோடு நிற்பதில்லை.

மகளுக்கு இப்போது பதினொன்று. மணிக்கட்டில் தழும்பு மங்கிவிட்டது. போன மாதம் நான் பின்னறையில் இருந்தபோது வாசற்படிக்கு வந்து, "எனக்கும் இப்படி உக்கார வேண்டி வருமாம்மா?" என்று கேட்டாள். "அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டேன். நீ உட்கார வேண்டாம் என்று சொன்னால் தெருவோடும் அவள் அப்பாவோடும் சண்டைக்கு நிற்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் உண்டா என்பது கிணற்றடியிலேயே தெரிந்துபோன விஷயம். உட்கார் என்றால், மாதம் மூன்று நாள் இவளும் யாரையாவது தள்ளி உட்காரச் சொல்வாள்.

பெண்ணை வளர்த்துப் பெரியவளாக்கிய இந்தப் பத்திரிகை வாசகிகள் எனக்குச் சொல்லுங்கள். அவளிடம் எதை முதலில் சொல்வது? அன்றைக்கு நான் சொன்ன பொய்யை ஒப்புக்கொள்ளாமல், இந்த வழக்கம் உனக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? ஒப்புக்கொண்டால் அதற்கப்புறம் அவள் என்னை நம்புவாளா? அவள் பெரியவளாக அதிக நாள் இல்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் எழுதுங்கள்.