லோடரின் வாளிக்குக் கீழே நின்றேன்

2025 ஜனவரி 8, புதன்கிழமை, காலை 7.40. லாச்சப்பலில் மைனஸ் இரண்டு பாகை, காற்றில்லாத குளிர். வேலைத்தளத்தில் என் மருமகன் மண் அள்ளும் தன் சின்ன லோடரின் ஓட்டுநர் கூண்டுக்குள் ஹீட்டர் பூட்டி முடித்திருந்தான். எஞ்சினின் சுடுநீரை இரண்டு குழாய்கள் உள்ளே கொண்டுபோகும். அதில்தான் கூண்டு சூடாகும்.

“நாலு குழாய்க் கிளிப்பும் இறுக்கினீரோ, தம்பி?”

“ஓம் மாமா. இதோட அஞ்சாந்தரம் கேட்டிட்டியள். போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கோ.”

நான் போகவில்லை. அவன் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தி, எஞ்சினை ஓடவிட்டு, முன்வாளியை மேலே தூக்கிப் பார்த்தான். சில நிமிடங்களில் உள்ளே ஒரு குழாய் கழன்றது. கண்ணாடி முழுவதும் ஆவியால் வெளுத்தது. அவன் அலறினான்.

அந்த லோடருக்கு முன்னால்தான் கதவு. வாளி மேலே இருந்தால் திறக்காது. பின்கண்ணாடி வழியாக வரவும் இடமில்லை, பின்புறம் சுவர். இதெல்லாம் தெரிந்தும், ஓடிப்போய் வாளிக்குக் கீழே நின்று கைப்பிடியை இழுத்தேன்.

உள்ளிருந்து ஒரு கை கண்ணாடியைத் துடைத்தது.

“மாமா, விலகுங்கோ! நீங்கள் அதில நிண்டால் நான் வாளியை இறக்கேலாது!”

சுடுநீர் காலில் கொட்டக் கொட்ட, அவன் எனக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தான். நான் ஒதுங்கினேன். வாளி இறங்கியது, கதவு திறந்தது. தடித்த சப்பாத்து இருந்ததால் சூட்டுக் காயம் கணுக்காலோடு போயிற்று.

என் பதற்றத்தைப் பாசம் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அது யாருக்கெல்லாம் வழியை மறித்ததோ தெரியவில்லை.

காயத்துக்குக் களிம்பு, புதுக் கிளிப், எஞ்சினுக்கு ஊற்றும் கூலன்ட் எல்லாம் சேர்த்து எனக்கு 38 யூரோ 70 சதம் செலவு முடிந்தது.