ஒயர் இல்லாத மெஷின்

என் நாத்தனார் புருஷன் திண்டிவனத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். கடைசியில் வருகிறவர் வந்து சேரும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டும் என்று விதி போட்டவரும் அவரே. அந்த விதி எனக்குச் செல்லாது என்பது கூட்டேரிப்பட்டில்தான் தெரிந்தது.

விழுப்புரத்திலிருந்து எல்லோரும் ஒன்றாகத்தான் கிளம்பினோம். கூட்டேரிப்பட்டு அருகே என் பின்சக்கரம் பங்க்சர். கையைத் தூக்கிக் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு மிதித்துக்கொண்டு போனார், கூட்டமும் அவர் பின்னாலேயே போனது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிப்போன மினி வேன்காரர்தான் என்னையும் சைக்கிளையும் திண்டிவனத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். டிபன் கடை வாசலில் நான் வேனிலிருந்து இறங்கியதும் அத்தனை பேரும் பொங்கல் தட்டும் கையுமாகச் சிரித்தார்கள்.

"ரோடெல்லாம் உனுக்கு எதுக்கும்மா? வூட்டுக்குள்ளயே நிக்க வச்சி மிதிக்கிற மெஷினு ஒண்ணு வாங்கிப் போட்டுக்கினு மிதி. பங்க்சரும் ஆவாது, யாருக்கும் பேஜாரும் இல்ல" என்றார் தலைவர்.

வாங்கினேன். அவர் சொன்ன வயிற்றெரிச்சலிலேயே வாங்கினேன்.

அவரிடம் அப்படி ஒன்று ஏற்கெனவே இருந்தது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, செயினை நேராக மெஷினில் மாட்டி, பிளக்கில் சொருகி மிதிக்கிற உசத்தி ரகம். போன் ஆப்பில் மலைப்பாதை வந்தால் மெஷின் தானே இறுகும். அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒரே பாதையில் போட்டி போடலாம், திரையில் இரண்டு பொம்மைகள் ஓட்டும். அந்த ரகத்தின் விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உருளைகள் மேல் சைக்கிளை ஓட்டுகிற மலிவு ரகத்தில் ஏறினால் சுவரில்தான் போய் முட்டுவேன். கடைசியில் பின்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற காந்த மெஷின் ஒன்று புதுச்சேரியில் பழையதாகக் கிடைத்தது. வளவனூர் வழியாக பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். வேகத்தை போனுக்குச் சொல்ல, சக்கரத்தில் மாட்டும் சின்ன சென்சாரைத் தனியாக வாங்கினேன்.

ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்த அவர் என் மெஷினைக் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, இதுல ஒயரே இல்ல?" என்று சிரித்தார்.

ஒயர் இல்லைதான். அந்த நிமிஷம்தான் எனக்குப் பொறி தட்டியது.

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று முன்கூட்டியே பேப்பரில் வரும். யாரும் படிப்பதில்லை. பாதி அரைத்த சட்னியோடு மிக்ஸி முன்னால் நின்று திட்டுவதுதான் நம் வழக்கம். நான் படித்தேன். திண்டிவனத்தில் அவர் தெருவுக்கு சனிக்கிழமை. மெஷின் இருக்கும் ரூமுக்கு இன்வெர்ட்டர் லைன் கிடையாது என்பதையும் நாத்தனாரிடம் பேச்சுவாக்கில் கேட்டு வைத்துக்கொண்டேன்.

"சனிக்கிழமை எட்டரைக்கு வச்சிக்கலாமாண்ணா?" என்றேன். அவருக்கு ஒரே குஷி. ஜெயித்தவர் பெயரை க்ரூப்பில் போடுவதாகப் பேச்சு.

அவரை ஜெயிக்க முடியும் என்று நான் நினைக்கவே இல்லை. கூட்டேரிப்பட்டில் நான் நின்ற மாதிரி அவரும் நட்டநடு ரோட்டில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதை நினைத்தே தினமும் மிதித்தேன். கோபத்தில் மிதித்தால் கால் வலிப்பதில்லை.

சனிக்கிழமை மலை ஏற்றம் தொடங்கியது. பாதி ஏற்றத்தில் அவர் பொம்மையை என் பொம்மை தாண்டியது. நம்ப முடியாமல் திரையைத் துடைத்துப் பார்த்தேன். இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒயர் போட்ட மெஷின் பின்னால் மூச்சு வாங்கியது. இன்னும் கொஞ்ச தூரம்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பதாகப் போகிறது. ஐயோ, இன்றைக்கு ஒரு நாள் லேட்டாக நிறுத்துங்களேன் என்று வாய்விட்டே வேண்டினேன்.

ஒன்பதுக்கு டாண் என்று நிறுத்திவிட்டார்கள். அவர் பொம்மை காணாமல் போனது. காலியான மலையில் நான் மட்டும் ஏறி முடித்தேன்.

நான் முன்னால் போனதைப் பார்த்தது அவர் ஒருவர்தான். அந்த வாய் அதைச் சொல்லுமா?

அடுத்த மாதம் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. "லீடிங்ல போய்க்கினே இருந்தேன். கரெக்டா கரண்டு பூட்ச்சி" என்று பந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொய். நான்தான் முன்னால இருந்தேன். இன்னொரு வாட்டி வச்சிக்கலாம்ணா, இன்னிக்கே" என்றேன்.

"எதுக்கும்மா? அதான் க்ரூப்ல உன் பேரைப் போட்டாச்சே. நீதான் ஜெயிச்ச, போ" என்று பெரிய மனதோடு கையை விரித்தார்.

பந்தி மொத்தமும் சிரித்தது. இந்த முறை அவருக்குச் சாக்கு எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.