திருடி வேஷம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய காரணம் எதுவும் கிடையாது. தம்பியின் படிப்பு, அப்பாவின் உடம்பு, அம்மாவுக்குத் துணை என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்ததில் வயது போய்விட்டது. நடுநடுவே கதைகள் எழுதினேன். சில, சிறு பத்திரிகைகளில் வெளிவந்தன. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றுவதை வீட்டுக்கு வந்து சமையலை முடித்துவிட்டு எழுதிப் பார்ப்பேன். தூக்கம் வந்துவிடும். ரிட்டயர் ஆனதும் நாள் முழுக்க எழுதலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருடங்களைத் தள்ளினேன்.

ரிட்டயர் ஆனேன். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அம்மா இறந்திருந்தாள். சென்னையிலிருந்த தம்பி, "எங்கூடவே வந்துடுக்கா" என்றான். எழுதப்போகிறேன் என்று சொல்லி மறுத்துவிட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் வீட்டின் அமைதி காதை அடைத்தது. காலை ஷிப்டுக்குத் தெருவே கிளம்பிப் போய்விடும். அதற்குப் பிறகு குக்கர் விசில்கூடக் கேட்காது. எழுத்து வரவில்லை. வானொலியைப் போட்டுவிட்டுக் காய்கறி நறுக்குவேன். ஓர் ஆளுக்கு எவ்வளவு நறுக்குவது?

ஒரு நாள் காலை பின்பக்கப் படியில் வழுக்கி விழுந்தேன். பலமான அடி இல்லை. ஆனாலும் எழுந்திருக்கத் தோன்றாமல் ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இடுப்பு எலும்பு உடைந்திருந்தால் யாருக்கு, எப்போது தெரிந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பால் போடுபவரிடம், பாக்கெட் எடுக்காமல் கிடந்தால் கதவைத் தட்டும்படி சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"சரி மேடம். இந்த ஏரியாவுல இன்னும் ரெண்டு மூணு வீட்ல இதேதான் சொல்லி வெச்சிருக்காங்க" என்றார்.

அந்த வீடுகளில் ஒன்றில் இருந்தவர்தான், நான் அக்கா என்று கூப்பிடும் பெண்மணி. இரண்டு தெரு தள்ளி இருந்தார். வேறொரு கம்பெனியில் ஸ்டிட்சிங் லைனில் வேலை பார்த்தவர். கணவர் தோல் லோடு ஏற்றும் லாரி ஓட்டியவர், காலமாகிவிட்டார். ஒரே மகன் பெங்களூரில் குடும்பத்தோடு இருந்தான். எனக்கு அவரை முகப்பழக்கம் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மத்தியானம் என் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"நீ கதை எயுதுவியாமே?"

"எழுதிட்டு இருந்தேன்க்கா."

"அப்ப எனக்கு ஒரு நாடகம் எயுதிக் குடு. நான் நடிக்கணும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சின்ன வயசுல கிறிஸ்துமஸ் டிராமால என்னை எப்பவும் ஆடாத்தான் நிக்க வெப்பாங்க. பேச்சே கெடையாது. கல்யாணம் ஆச்சு, கம்பெனி ஆச்சு, எல்லாம் போச்சு. இப்ப எனக்கு அறுபத்தாறு. இனிமே யாரைக் கேக்கணும்?"

"என்ன வேஷம் வேணும்? அம்மா மாதிரி, பாட்டி மாதிரி ஏதாவது..."

"கெயவி வேஷமெல்லாம் வேணாம். அதைத்தான் வீட்ல தெனமும் போட்டுட்டு இருக்கேனே. எனக்குத் திருடி வேஷம் வேணும்."

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை என்னால் மறக்கவே முடியாது.

"எத்தினி வருசம் கம்பெனி கேட்ல பையைத் தொறந்து காமிச்சிட்டு வெளிய வந்திருப்பேன்! சாப்பாட்டு டப்பாவைக்கூடத் தொறக்கச் சொல்லுவாங்க. ஒரு துண்டுத் தோலு எடுத்ததில்ல நானு. ஒரு தடவையாவது திருடியா இருந்து பாக்கணும்மா."

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன். ஆம்பூரில் பகல் நேரத்தில் தெருக்கள் காலியாகத்தான் கிடக்கும். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு பூட்டியிருக்கும் என்று நம்பி ஒரு திருடி ஜன்னல் வழியாக ஒரு வீட்டுக்குள் இறங்குகிறாள். உள்ளே தனியாக வாழும் ஒரு பெண் கால் இடறி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள். திருடியைப் பார்த்ததும் அவள் கத்தவில்லை. "அப்பாடா, யாரோ வந்தாங்களே" என்கிறாள். நாடகம் அங்கே தொடங்கியது. பல மாதங்களாக வராத எழுத்து ஒரே வாரத்தில் வந்து முடிந்தது.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் இரண்டு விஷயம் சொன்னார்.

"உன் திருடி ரொம்ப நல்லவளா இருக்கா. நகையைத் தேடவே மாட்டேங்கறா. கொஞ்சம் கெட்டவளா எயுது. நல்லவளாத்தான் நான் காலம் பூரா இருந்துட்டேனே." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "கீய வியுந்து கெடக்கற பொம்பள யாருன்னு எனக்குத் தெரியுது. அதை மாத்தாத."

நான் காகிதங்களை அடுக்கினேன்.

வீட்டுக்காரி வேஷத்துக்கு, பேக்கிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தோழியை அக்கா பிடித்து வந்தார். ஒத்திகை என் வீட்டு மாடியில், வெயில் தாழ்ந்த பிறகு. வசனத்தை மனப்பாடம் செய்வது அக்காவுக்குச் சுலபமாக இல்லை. காலையில் படித்தது மத்தியானம் மறந்துவிடும். அதற்காக விடவில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு முணுமுணுப்பார். மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கியபடி, "பீரோ சாவி எங்கே? மரியாதையா சொல்லு!" என்று உறுமி, காய்கறிக்காரரைத் திடுக்கிட வைத்தார். அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பக்கத்து வீட்டார் மகனுக்கு போன் செய்துவிட்டார்கள்.

மகன் அழைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவன் குரல் எனக்கே கேட்டது.

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்தப் பேஜாரு?"

"இந்த வயசுலதான்டா எனக்கு நேரம் கெடச்சிருக்கு" என்றார் அக்கா. கோபமே இல்லாமல், சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டு வைத்தார்.

ஜன்னல்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. அவருக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. வேலூரில் பார்த்த டாக்டர் மாடிப்படியே ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார்; அதைக் கேட்காமல்தான் ஒத்திகைக்கு என் மாடிக்கு ஏறி வந்துகொண்டிருந்தார். திருடி கதவு வழியாக வரட்டும், கதவு திறந்தே கிடந்தது என்று மாற்றிவிடலாம் என்றேன்.

"கதவு வய்யா வந்தா அது விருந்தாளி. திருடி ஜன்னல்லதான் வருவா" என்று சொல்லிவிட்டார். தச்சரிடம் உயரம் குறைவாக ஒரு ஜன்னல் சட்டம் செய்யச் சொல்லி, பின்னால் பலகை போட்டு, பழகினார். முதலில் வலது கால், பிறகு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இடது கால். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார். இறங்கியதும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருவாட்டி" என்பார். நான் மாடிச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். உடம்பு ஒத்துழைக்காத வயதில் ஒருவர் தன் ஆசைக்கு இவ்வளவு மரியாதை கொடுப்பதை அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்கு அவரைவிட வயது குறைவு. கால்கள் நன்றாக இருந்தன. நான்தான் வானொலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சர்ச்சுக்குப் பக்கத்திலிருந்த ஹாலை பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குக் கொடுத்தார். திருடியைப் பற்றிய நாடகமா என்று முதலில் தயங்கினாராம். திருடி கடைசியில் என்ன ஆகிறாள் என்று வந்து பாருங்கள் என்று அக்கா சொல்லிவிட்டு வந்திருந்தார்.

நாடகத்துக்கு முந்தின வாரம், வீட்டுக்காரியாக நடிக்க வேண்டிய தோழியின் மருமகளுக்குக் குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிட்டது. அவர் உடனே திருப்பத்தூர் கிளம்பிப் போய்விட்டார். நான் எழுதியது மேடையேறப்போகிறதே என்ற பயத்தில் இருந்ததால், உள்ளூர நிம்மதி அடைந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தள்ளி வைத்துவிடலாம் என்றேன்.

"எதுக்கு? நீ இருக்கியே. வசனம் பூரா உனக்குத்தானே தெரியும்?"

"எனக்கு நாலு பேர் முன்னால நிக்கவே வராதுக்கா. நான் எழுதறவ."

"நிக்க யாரு சொன்னா? வியுந்துதானே கெடக்கப் போற."

கடைசியில் ஒப்புக்கொண்டேன்.

அன்றைக்கு ஹால் நிறைந்துவிட்டது. பெரும்பாலும் கம்பெனிப் பெண்கள், குழந்தைகளோடு. அக்காவின் பழைய லைனில் இருந்தவர்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மேடைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தேன். ஜன்னலில் அக்காவின் தலை தெரிந்தது. மகனின் பழைய பேண்ட், சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. விசில் பறந்தது.

வலது கால் வந்தது. இடது கால் வரவில்லை. பேண்ட் சட்டத்தின் ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் இழுத்தார்; வரவில்லை. ஜன்னல் மேல் குதிரையேறியது போல் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அக்கா அப்படியே உட்கார்ந்தபடி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னா வீடு கட்டி வெச்சிருக்காங்க! திருட வர்றவளுக்கு ஒரு வசதி கெடையாது."

ஹால் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பேண்டைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அதன் பிறகு அவர் சொன்னதற்கெல்லாம் சிரித்தார்கள். பீரோவைக் குடைந்தார், பருப்பு டப்பாவுக்குள் கை விட்டுப் பார்த்தார், ஃபிரிட்ஜைத் திறந்து, "ஒரு முட்டைகூட இல்ல, நீயெல்லாம் ஒரு வீட்டுக்காரியா" என்று என்னைத் திட்டினார். அதில் பாதி நான் எழுதாதது.

பிறகு அந்த இடம் வந்தது. "நீ தனியாவா இருக்க?" என்று திருடி கேட்க வேண்டும். வீட்டுக்காரி அதற்கு நீளமாகப் பதில் சொல்வாள். நாடகத்திலேயே நான் அதிகம் உழைத்த பகுதி. அவர் கேட்டார். எனக்கு ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்தது.

அக்கா எனக்கு வசனம் எடுத்துக் கொடுக்கவில்லை. கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார். அந்த முழங்காலை மடக்கி, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். திருடியின் குரலில் இல்லை, தன் குரலில் கேட்டார்.

"பயமா இருக்குதாம்மா?"

"இருக்குதுக்கா" என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "எங்களுக்கும்தான்" என்றது. யாரோ சிரித்தார்கள், அந்தச் சிரிப்போடு சிலர் மூக்கைச் சிந்துவதும் கேட்டது. அக்கா என் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார். நாடகத்தில் அது அடுத்த காட்சியில்தான் வர வேண்டும். ஆனால் அங்கிருந்து எனக்கு எல்லா வசனமும் நினைவுக்கு வந்துவிட்டது.

திருடி மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்காரிக்கு டீ போடப் போவதோடு நாடகம் முடிந்தது. பாஸ்டர் எழுந்து நின்று கை தட்டினார். பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். என்னிடம் வந்த இருவர், அடுத்த நாடகத்தில் தங்களுக்கும் ஒரு வேஷம் கிடைக்குமா என்று கூச்சத்தோடு கேட்டார்கள். ஒருவர் டெய்லர், இன்னொருவர் இன்னமும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்.

அதே நாடகத்தைப் பேரணாம்பட்டிலும் போட்டோம். ஜன்னல் சட்டத்தை பஸ்ஸின் பின் சீட்டில் வைத்துக்கொண்டு போனோம். அங்கே அக்கா ஆணியில் மாட்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் மாட்டிக்கொண்டது போல் நடித்து அந்தச் சிரிப்பை வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு முழங்கால் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. மகன் வந்து பெங்களூருக்கு அழைத்துப் போனான். ஜன்னலில் ஏறியதால்தான் என்று அவன் என்னைக் குறை சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் காரில் பெட்டியை ஏற்றிவிட்டு, "பேரணாம்பட்டு வீடியோவை ஆபீஸ்ல எல்லாருக்கும் காமிச்சேன் ஆன்ட்டி" என்றான்.

அந்த மாதங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. தெரு காலியானதும் பழைய பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் திரும்பி வராமலே இருந்துவிடுவாரோ என்ற புதுப் பயமும் சேர்ந்துகொண்டது. ஆனால் அவர் தினமும் போன் செய்தார். நலம் விசாரிக்க இல்லை, வேஷம் கேட்க.

"கால் ஆறுற வரைக்கும் உக்காந்தே நடிக்கற மாதிரி இன்னா வேஷம் இருக்குது? போலீஸ் இன்ஸ்பெக்டர் போடலாமா? அவங்க ஸ்டேஷன்ல ஜாஸ்தி நேரம் உக்காந்துதானே இருக்காங்க."

எழுதினேன். பகுதி பகுதியாக போனில் படித்துக் காட்டினேன். பெங்களூரில் அவர் பேத்தி எதிர்ப்பாத்திரத்தின் வசனத்தைப் படிக்க, அவர் நாற்காலியில் உட்கார்ந்து இன்ஸ்பெக்டராக விசாரணை செய்துகொண்டிருந்தார்.

மகன் அங்கேயே தங்கிவிடச் சொன்னானாம். "பண்டிகைக்கு வர்றேன், ஒடம்புக்கு முடியலன்னா வர்றேன். ஆனா எனக்கு ஆம்பூர்ல வேலை இருக்குது" என்று சொல்லிவிட்டு, கைத்தடியோடு ரயிலில் வந்து இறங்கினார். நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். இறங்கியதும் முதல் வார்த்தையாக, மூன்றாவது காட்சி நீளம், அதில் இன்ஸ்பெக்டருக்குப் பேச்சு கம்மி என்றார். எது நீளம், எது கம்மி என்று ஆட்டோவில் வீடு வரை வாதம் செய்தோம்.

திருப்பத்தூரிலிருந்து திரும்பிவிட்ட தோழியையும் சேர்த்து இப்போது நாங்கள் ஐந்து பேர். சனி, ஞாயிறு சாயங்காலங்களில் என் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. மாடி ஏற அக்காவால் முடியாது. பயம் போய்விட்டதா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். சில நாட்களில் அது நன்றாகவே தெரியும். அக்காவுக்கும் உண்டு. ஒருநாள் அவரே சொன்னார்: "பயம் இருக்கட்டும்மா. அதுக்காக வேஷத்தை விட்டுட முடியுமா?"

இன்ஸ்பெக்டர் தொப்பி போன வாரம் வேலூரிலிருந்து வந்து சேர்ந்தது. அவர் தலைக்கு அது பெரியதாக இருக்கிறது. டெய்லர் அம்மா உள்ளே துணி வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். அக்கா அதைக் கழற்றாமலே டீ குடிக்கிறார்.